புதுச் சாமான் மாட்டியதும் ஒழுக ஆரம்பித்த புல்லட்

வண்டி 1984 மாடல் புல்லட் 350. காஸ்ட் அயன் (வார்ப்பிரும்பு) என்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புகை அதிகமானதால் என்ஜினை இறக்கி, சிலிண்டரை ரீபோர் செய்து (உட்புறத்தைக் கடைந்து) புது பிஸ்டன் போட்டோம். இறக்கினதுதான் இறக்கினோம் என்று கூடவே பல சாமான்களையும் மாற்றியாயிற்று: முழு பேக்கிங் செட் (இணைப்புகளை அடைக்கும் தாள்கள்), பளபளவென்று இரண்டு டேப்பெட் கவர், ராக்கருக்கு (வால்வைத் தட்டும் கை) போகும் ஆயில் பைப், கிராங்க்கின் இடது பக்க ஆயில் சீல், அதற்குள் சுழலும் காலர், பிரைமரி செயின் கேஸ் (என்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினின் பெட்டி) மூடி, பிரீதர் (என்ஜின் மூச்சுக் குழாய்) ரப்பர். எல்லாமே கம்பெனி செய்யாத வெளிச்சந்தைச் சாமான்கள். பழைய நிலையில் என்ஜின் ஓரிரு இடத்தில் லேசாகக் கசியும், அவ்வளவுதான். இப்போதோ ரன்னிங்-இன் (புதுச் சாமான் படியும் வரை நிதானமாக ஓட்டும் காலம்) முடிவதற்குள்ளேயே சுற்றிலும் நனைந்து, பேண்ட்டில் கோடு போட்டு, பின் டயர் வரை எண்ணெய் பூசிவிட்டது.

"ஆயில் ஒழுகலேன்னா உள்ளே ஆயில் இல்லேன்னு அர்த்தம்" என்று புல்லட்காரர்கள் ஒரு ஜோக் வைத்திருக்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது. பல வருஷம் அடிவயிறு காய்ந்தபடியே ஓடிய காஸ்ட் அயன்களை நான் பார்த்திருக்கிறேன். ஒழுகுகிறது என்றால் ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, அல்லது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதில் எது என்று தெரியாமல் பேக்கிங்கை மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

வெளிச்சாமானை முழுக்கத் தவிர்க்கவும் முடியாது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தயாரான இந்த என்ஜின், அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமல் 2010 வாக்கு வரை ஓடியது. அரை நூற்றாண்டு ஒரே என்ஜின் என்றால் அதற்குச் சாமான் செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமிருக்காது. சென்னை ஜிபி ரோட்டிலும் டெல்லி கரோல் பாகிலும் காஸ்ட் அயனுக்கு வேண்டியது எல்லாமே கிடைக்கும். ஆனால் ஒரே பெயரில் மூன்று பொட்டலம் வாங்கினால் மூன்றும் மூன்று கனத்தில் இருக்கும். வாங்கியதை அப்படியே மாட்ட முடியாது, அளந்து பார்த்து, தேவையானால் தேய்த்துத்தான் மாட்ட வேண்டும்.

முதல் வேலையாக எதையும் கழற்றவில்லை. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து என்ஜினைத் தேய்த்து, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, துடுப்புகளுக்கு நடுவே காற்றடித்துக் காயவிட்டேன். அப்புறம் முகத்துக்குப் போடும் சாதாரண பவுடரை என்ஜின் முழுக்கத் தூவி, இஞ்சின் சூடேறும் அளவுக்கு மட்டும் ஸ்டாண்டில் ஓடவிட்டேன். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கசிவின் வாய். ரோட்டில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும், ஈர்ப்பு கீழே இழுத்துவிடும், கடைசியில் சம்பந்தமே இல்லாத கியர் பாக்ஸைக் குற்றம் சொல்லுவோம். ஆகவே ஓட்டிய வண்டியில் பார்ப்பதானால், நனைந்த இடங்களிலேயே எது மேலே இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்றுதான் தேட வேண்டும்.

பவுடர் காட்டிய இடங்கள்: இரண்டு டேப்பெட் கவரின் விளிம்பு, ராக்கர் பைப்பின் மேல் போல்ட், டைமிங் கவரின் (வலது பக்கப் பல்சக்கரங்களை மூடுவது) கீழ் மூலை, செயின் கேஸின் பின்பக்க அடி. ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் புஷ்ராடு (ராக்கரைத் தள்ளும் கம்பி) ஓட்டைக்குப் பக்கத்தில் லேசான ஈரம். இத்தனை இடத்தில் ஒரே சமயத்தில் பேக்கிங் கெட்டுப்போக வாய்ப்பில்லை. அதனால் சந்தேகம் உள் அழுத்தத்தின் மேல் போனது.

அதற்கு முன்னால் ஆயில் அளவு. காஸ்ட் அயன் புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 2.25 லிட்டர் பிடிக்கும். டேங்கிலிருந்து ஒரு பம்ப் எண்ணெயைத் தள்ளும், கிராங்க் அடியில் விழுவதை இன்னொரு பம்ப் திரும்ப டேங்குக்கு அனுப்பும். வண்டி பல நாள் சும்மா நின்றால், டேங்க் எண்ணெய் பம்ப் வழியாகக் கிராங்க் பக்கம் மெதுவாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் முடிந்தது கதை. அடுத்த முறை ஓடும்போது அடியில் தேங்கியது டேங்குக்கு ஏறும், மிச்சம் எங்கெல்லாம் வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் வெளியே வரும். ஓடவிட்டு நிறுத்தி உடனே பார்ப்பதுதான் சரியான அளவு. என் வண்டியில் அளவு சரியாகவே இருந்தது.

அடுத்தது பிரீதர். என் பார்வையில் இதுதான் முழுக் கதையின் முதுகெலும்பு. போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ.; பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் 346 சிசி காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அமுக்குகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 50 தடவை. ஒற்றை சிலிண்டர் என்பதால் அதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் இன்னொரு பிஸ்டன் மேலே போவதும் இல்லை. அந்தக் காற்று வெளியேற இருப்பது பிரீதர் குழாய் ஒன்றுதான். அதன் முனையில் வாத்து அலகு போல இரண்டு உதடுள்ள ஒரு ரப்பர். காற்று வெளியே போகும்போது உதடு திறக்கும், பிஸ்டன் மேலேறும்போது மூடிக்கொள்ளும். இதனால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அப்படி இருந்தால் சுமாரான பேக்கிங்கூட எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும்.

புதுப் பொட்டலத்தில் வந்த ரப்பரைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம், உதடு திறக்கவில்லை. ரப்பர் செருப்பு அடி மாதிரி கெட்டி, பிளவும் முழுசாக வெட்டப்படாமல் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரில் படிவதற்கு முன் எரிவாயுவும் கொஞ்சம் கீழே கசியும். அதாவது உள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கிற நாட்களில் வெளியேறும் ஒரே வழிக்கு மூடி போட்டாயிற்று. ரப்பரை எடுத்துவிட்டு வெறும் குழாயை நீட்டி, ஒரு காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஹெட் ஓரத்து ஈரம் நின்றது. டைமிங் கவர் பாதியாகக் குறைந்தது. ஒரு பேக்கிங்கைக்கூடத் தொடாமல் கிடைத்த பலன் இது.

மாற்று ரப்பரைக் கடையில் நின்று ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஊதினால் லேசாகத் திறக்க வேண்டும், உறிஞ்சினால் காற்று வரக்கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். இதற்கு இதைவிட நல்ல டெஸ்ட் இல்லை.

அழுத்தம் சரியான பிறகும் ஒழுகும் இடங்கள்தான் சாமானின் உண்மையான குறைகள். அதில் சுலபமானது டேப்பெட் கவர். கண்ணாடிக் கடையில் வெட்டுத் துண்டு ஒன்று வாங்கி, அதன்மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக விரித்து, கவரின் பேக்கிங் முகத்தை எட்டுப் போட்டுத் தேய்த்தேன். சில சுற்றிலேயே குறை தெரிந்துவிட்டது. மூலைகள் பளிச்சென்று தேய, நடுப்பகுதி இரண்டு பக்கமும் மங்கலாகவே இருந்தது. வெளியே கண்ணாடி போலப் பாலிஷ் போட்டவர்கள், எண்ணெயைத் தடுக்க வேண்டிய முகத்தைப் பாலிஷ் சக்கரத்தில் உருட்டி விட்டிருக்கிறார்கள். முகம் முழுக்க ஒரே நிறமாக வரும்வரை தேய்க்கக் கை வலித்தது, ஆனால் வேலை அவ்வளவுதான். இன்னொன்று, கசிகிறதே என்று நட்டை மேலும் முறுக்கினால் கவர் வில்லாக வளைந்து நடுவில் இடைவெளி கூடத்தான் செய்யும். ஸ்பிரிங் வாஷர் தட்டையாகும் வரை முறுக்கினால் போதும்.

ராக்கர் பைப்பில் வேடிக்கையான குறை. போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் போட வேண்டும். புது பைப்போடு வந்த வாஷர்கள் செம்பு நிறத்தில் அழகாக இருந்தன. எவ்வளவு முறுக்கியும் எண்ணெய் நிற்காததால், ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அருகில் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பு வாஷருக்குச் செம்பு முலாம்! இரும்பு அமுங்கிக்கொடுக்காது, அப்புறம் எப்படி அடைக்கும்? நிஜச் செம்பு வாஷர் வாங்கினாலும் அப்படியே போடக்கூடாது. அச்சில் அடித்து வெட்டும்போதே செம்பு இறுகிப்போயிருக்கும். கம்பியில் கோத்து கேஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு ஏறும்வரை காட்டி, தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இரும்புக்கு நேர்மாறாகச் செம்பு இதில் இளகிவிடும். கறுப்புச் செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போட்டால், கையால் இறுக்கும்போதே அது அமுங்குவது தெரியும்.

டைமிங் கவரில்தான் கொஞ்சம் பயந்தேன். வெளியே தெரிந்த கசிவு சின்னதுதான். ஆனால் கழற்றிப் பார்க்கையில், செட்டில் வந்த பேப்பர் பேக்கிங் பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதனால் என்ன, நன்றாக அடைக்குமே என்று தோன்றும். இந்த என்ஜினில் அப்படி இல்லை. பெரிய முனை (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) பேரிங்குக்குப் போகும் எண்ணெய், டைமிங் கவரிலிருந்து கிராங்க்கின் நுனி வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அந்தச் சந்திப்பை அடைத்து நிற்பது ஒரு சின்னத் தக்கை வளையம். கவர் எவ்வளவு உள்ளே உட்காருகிறதோ அவ்வளவுதான் தக்கை அமுங்கும். பேக்கிங் கனத்தால் கவர் கொஞ்சம் வெளியே நின்றால் தக்கை அமுங்காது. பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெய் அந்த இடுக்கில் வழிந்து மறுபடி அடியில் விழும். தரையில் ஒரு சொட்டு விழாது, வெளியே துடைத்து வைத்ததுபோல் இருக்கும், உள்ளே பேரிங் பட்டினி கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிற லீக்கைவிட இது எத்தனையோ மடங்கு விலை வைக்கிற லீக். போதாததற்கு அந்த பேப்பரில் ஓர் ஆயில் ஓட்டை நகர்ந்து, வழியைக் கால்வாசி மறைத்திருந்தது. மாட்டுவதற்கு முன் பேக்கிங்கை முகத்தில் வைத்து ஒவ்வொரு ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

கனம் குறைந்த பேக்கிங் ஷீட் வாங்கி நானே வெட்டினேன். ஷீட்டைக் கிராங்க் கேஸ் முகத்தில் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பில் மெல்லத் தட்டினால் கோடு விழும். ஓட்டைகளுக்குச் சுத்தியல் வேண்டாம். அளவுக்கேற்ற சைக்கிள் பால்ஸை ஷீட்டின்மேல் ஓட்டைக்கு நேராக வைத்து ஒரு தட்டு, வட்டமாகக் கத்தரித்து விழுந்துவிடும். தக்கை வளையத்தை எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன். பூட்டிய பிறகு, டைமிங் கவரில் இதற்கென்றே இருக்கும் பிளக்கை இரண்டு சுற்று தளர்த்தி என்ஜினை ஓடவிட்டால் எண்ணெய் வருவது தெரிய வேண்டும். வந்தது. அதே போல ராக்கர் பைப்பின் மேல் போல்ட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்த்தேன், அங்கேயும் எண்ணெய் ஏறியது. (உள்ளே பம்ப்பை ஓட்டும் வார்ம் நட் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும். தெரியாமல் வழக்கம்போலத் திருப்பி உடைத்தவர்கள் ஏராளம்.)

மிச்சம் செயின் கேஸ். இந்த மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம். வடிவமைத்தவர் கழற்றுகிறவனைப் பற்றி யோசித்திருக்கிறார், ஒழுகுவதைப் பற்றி யோசிக்கவில்லை. நேரே ரப்பரை மாற்றாமல், முதலில் ஒழுகுவது யாருடைய எண்ணெய் என்று பார்க்க நினைத்தேன். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, அளவு காட்டும் லெவல் திருகு வரை சிவப்பு ஏ.டி.எஃப். (ஆட்டோமேடிக் கியர் வண்டிகளுக்கான எண்ணெய்) ஊற்றினேன். சில நாள் ஓட்டியபின் லெவல் திருகைத் திறந்தால், ஊற்றிய அளவைவிட அதிகமாக, அதுவும் கறுப்பாக வழிகிறது. கிராங்க் சீலைத் தாண்டி என்ஜின் எண்ணெய் உள்ளே வருகிறது என்று அர்த்தம். பிரைமரி நிரம்பி வழிந்தால் மூடி பாவம் என்ன செய்யும்.

சீல் புதுசு, உதட்டில் கீறலும் இல்லை, ஸ்பிரிங் பக்கம் சரியாகவே திரும்பியிருந்தது. காலரைக் கழற்றி, கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் நகத்தால் அதன்மேல் ஒரு தடவு தடவினார்.

"ஏங்கண்ணு, இதுல மரை ஓடுதே, தெரியலையா?"

"பார்த்தா வழவழன்னுதானுங்க இருக்குது."

"கண்ணுக்குத் தெரியாது. இரு, காட்டறேன்."

காலரை லேத்தில் பிடித்து லேசாக எண்ணெய் தடவினார். தையல் நூல் ஒன்றை அதன்மேல் போட்டு, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேத்தை மெதுவாகச் சுற்றவிட்டார். நூல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகர்ந்து விளிம்புக்கே போய்விட்டது. லேத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார், நூல் வந்த வழியே திரும்பியது. கடைசல் உளி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வெட்டும்போது விழும் நுண்ணிய சுருள் கோடு அது. சீலின் உதட்டுக்கு அடியில் அந்தக் கோடு சுற்றச் சுற்ற எண்ணெயை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். எத்தனை புது சீல் போட்டாலும் பயனில்லை. பெரியவர் மெல்லிய உப்புத்தாளைப் பக்கவாட்டில் அசைக்காமல் நேராகப் பிடித்து, சீல் உட்காரும் பட்டையை மட்டும் தேய்த்தார். மறுபடி நூல் போட்டார். நூல் போட்ட இடத்திலேயே நின்றது. காசு வாங்க மாட்டேன் என்றார், டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

காலரைத் திரும்பப் போட்டபின் பிரைமரியில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது, அளவும் ஏறவில்லை. ஆனாலும் பின்பக்க அடியில் ஒரு சொட்டு மட்டும் தங்கியது. அதற்கு ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகள் விளையாடும் கலர்க் களிமண்ணைச் சின்ன உருண்டைகளாக விளிம்பைச் சுற்றி ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியை முறுக்கினேன். திறந்து பார்த்தால் முன்பக்க உருண்டைகள் அப்பளமாகிவிட்டன, பின்பக்கத்தில் இருந்தவை பாதிதான் அமுங்கியிருந்தன. வெர்னியரில் வித்தியாசம் ஒரு மி.மீ.க்கும் மேல். மூடியைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தாலே ஆடியது. வாட்டர் பேப்பரில் தேய்த்து ஒரு மி.மீ. எடுப்பது நடக்கிற காரியமில்லை. கீறலும் மங்கலுமாக மூலையில் கிடந்த கம்பெனி மூடியைக் கண்ணாடியில் வைத்தேன், அசையவில்லை. அதையே புது ரப்பரோடு மாட்டியாயிற்று. பளபளப்பு மூடி வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொள்ளலாம், சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

சிலிக்கான் பேஸ்ட் பற்றிப் பலர் கேட்பார்கள். டேப்பெட் கவரில் விரலால் துடைத்துவிட்ட அளவு மெல்லிய பூச்சு போட்டிருக்கிறேன். டைமிங் கவரில் ஒரு துளிகூட இல்லை. வெளியே பிதுங்கி நிற்கிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் வழிக்குள் போகும். முகம் சமமாக இல்லாத சாமானுக்குப் பேஸ்ட் மருந்தில்லை. இரண்டாவது மாசம் அதே இடத்தில் மறுபடி வரும், அப்போது பழைய பேஸ்ட்டைச் சுரண்டுகிற வேலை கூடுதல்.

ரிங்குகள் படிந்து, ஹெட் நட்டுகளை ஆறிய என்ஜினில் ஒரு முறை சரிபார்த்து இறுக்கிய பிறகு, பவுடர் சோதனையை மறுபடி செய்தேன். என்ஜினில் எங்கேயும் கறுக்கவில்லை. இன்னும் சொட்டுவது கியர் பாக்ஸ் மட்டும், செயின் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால். இதில் முன்பு யாரோ வெறும் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். இந்த நாலு கியர் அல்பியன் (வடிவமைத்த கம்பெனியின் பெயர்) பாக்ஸ் கூழ் பதத்துக் கிரீஸை நம்பிச் செய்யப்பட்டது, இளகிய எண்ணெயை அதனால் நிறுத்தி வைக்க முடியாது. வடித்துவிட்டு, கிரீஸும் 90 ஆயிலும் கலந்து அடைத்ததில் சொட்டு நன்றாகக் குறைந்திருக்கிறது. அந்த சீலை மாற்ற கிளட்ச், பிரைமரி எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். அடுத்த முறை கிளட்ச் பிளேட்டுக்காகத் திறக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அடியில் ஒரு அட்டை.